நிலா இருந்தால்

என் முடிதிருத்தகத்தில் மொத்தம் ஆறு துளைகள்,
மின்சாரம் வரும் துளைகள்.
ஐந்நூறு ஷில்லிங் கொடுத்தால் ஒரு போன் நிரம்பும்.
கத்தரிக்கோலைவிட அதில்தான் வரும்படி.
கிரும்பா மீன்சந்தையே வந்து
போனைச் சொருகிவிட்டுப் போகும்,
அந்தியில் எடுத்துக்கொள்ளும்.

மின்ஸா மட்டும் போவதில்லை.
முளையில் கட்டிய ஆடு மாதிரி
சார்ஜர் கம்பி எட்டும் தூரத்தில்
உதிர்ந்த முடிக்கு நடுவே உட்கார்ந்திருப்பாள்.
இரண்டு கட்டைவிரலும் ஓடும்,
நிற்கும்,
எழுதியதை அழிக்கும்,
அழித்ததையே திரும்ப எழுதும்.

காதலன் என்று நினைத்தேன்.
சவரத்துக்கு முகம் கொடுத்திருந்த உகெரெவே படகோட்டி
நுரைக்குள்ளிருந்து சொன்னான்:
புருஷனாக இருக்கும்,
காதலனோடு இவ்வளவு சண்டை வராது.

கேட்டேவிட்டேன் ஒருநாள்.
"அடைப்புக்குறியோடு சண்டை" என்றாள்.
திரையின் வலது ஓரம் விரிசல்.
திறக்கும் குறிக்கு விரல் படுகிறது,
மூடும் குறி விரிசலுக்குள் விழுந்துவிட்டது.
திறந்ததை மூட
ஒவ்வொரு முறையும் போனைக் கிடையாகத் திருப்பி
மறுபடி நிமிர்த்த வேண்டும்.
தூரத்திலிருந்து பார்த்தால்
கல்லில் சப்பாத்தி புரட்டுகிறாள்.

போதாததற்கு, அந்த விசைப்பலகை.
தனக்குத் தெரியாத சொல்லைத் தானே திருத்தும்.
எங்கள் ஏரியின் பொடிமீன் தாகா;
அதன் பெயரில் ஒரு கட்டம் வைத்தாள்.
அது தாவா என்று மாற்றியது, மருந்து என்று அர்த்தம்.
மீன் மருந்தானதில் கணக்கு படுத்துவிட்டது.
இரண்டு நாள் தேடினாள் நோயை.

தாகா இருட்டில்தான் சிக்கும்.
தண்ணீர்மேல் விளக்கைக் காட்டினால்
திருவிழாக் கூட்டமாய் வரும்.
நிலா ஏறிவிட்டால் நம் விளக்கை மதிக்காது.
பௌர்ணமியை ஒட்டிப் பத்து நாள் படகுகள் கரையில்,
மீன் உலர்த்தும் பெண்களின் மணல் காலி.
தவணை மட்டும்
மேடு பள்ளம் பார்க்காமல் வாரா வாரம் வரும்.
கடன் கொடுப்பவன் கணக்குக்கு ஏழு நாள் தெரியும்,
நிலா தெரியாது.

தெரிந்த கணக்கொன்றை
அந்தப் பெண்களின் சங்கத்துக்காக எழுதுகிறாள்.
சங்க நோட்டில் கையெழுத்து விழும் இடத்தில்
பாதிக்குமேல் நீல மையில் கட்டைவிரல்.
கைநாட்டு என்று நாங்கள் சிரிப்போம்.
இவளும் கட்டைவிரலால்தான் எழுதுகிறாள்,
இதற்குச் சிரிக்க
என்னிடம் சொல் இல்லை.

ஒரு புதன்கிழமை.
முடியப்போகிற நேரம்,
கம்ப்யூட்டருக்கு மணி அடித்தது.
அக்காள் புருஷன்.
காளைக்குக் காய்ச்சல், பணம் வேண்டும், மழையில்லை,
பணம் வேண்டும்.
பன்னிரண்டு நிமிடம்.
வைத்துவிட்டுத் திரும்பினால் திரை வெள்ளை.
நினைவில் இடம் போதவில்லையென்று
போனே அதை மூடி எறிந்திருந்தது.
அறுபத்துநான்கு வரி.

அவள் அழவில்லை, எழுந்து வந்து
என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
கண்ணாடியில் எதையோ பார்த்தாள், முகத்தை இல்லை.
வெட்டவா என்று கேட்கப் பயமாக இருந்தது.
விசிறி சுற்றியது. யாரோ வந்து காத்திருந்து போனார்கள்.
பிறகு இறங்கி, கம்பியைச் சொருகி
மறுபடி முதலிலிருந்து.

இருட்டும்போது முடித்தாள்.
இருபத்திரண்டு வரி.
மிச்சம் நாற்பத்திரண்டு எங்கே என்றேன்.
"தேவைப்படவில்லை போல."
கடைசி வரியை எனக்குப் படித்துக் காட்டினாள்:
நிலா இருந்தால் தவணை பூஜ்யம்.
போனைத் திருப்பி, மூடி, நிமிர்த்தினாள்.

அடுத்த வளர்பிறை, பதினோராம் நாள்.
அலமாரியில் ஆறு போனும் ஒரே சமயம் அதிர்ந்தன,
கத்தி ஒருவன் காதருகே நின்றது.
இந்த வாரம் கட்ட வேண்டாம்,
அவ்வளவுதான் செய்தி.
என் சட்டைப்பையும் அதிர்ந்தது.
எனக்குப் படகும் இல்லை, அந்தச் சங்கத்தில் கடனும் இல்லை.
சோதித்துப் பார்க்க என் எண்ணைப் போட்டிருந்தாளாம்,
எடுக்க மறந்துவிட்டாளாம்,
இதோ எடுக்கிறேன் என்றாள்.

விடு, இருக்கட்டும் என்றேன்.