எஃப் எட்டு

றேடியோ இருப்பது பின்னறையில்,
அரிசிச் சாக்குக்கும் தையல் மெசினுக்கும் நடுவில்.
அன்ரனாக் கம்பி அந்த ஜன்னலால்தான் உள்ளே வரும்.
நான் இருப்பது முன்னறையில், கணினிக்கு முன்னால்.
இடையில் ஐந்து மீற்றர் கேபிளும்
ஒரு சுவரும்.

குமிழைத் தொட்டு மாதங்கள் ஆயிற்று.
எஃப் ஒன்று, பத்து ஹேர்ட்ஸ் மேலே.
எஃப் இரண்டு, பத்து ஹேர்ட்ஸ் கீழே.
ஷிஃப்டையும் சேர்த்து அமுக்கினால் ஆயிரமாய்ப் பாயும்.
எஃப் ஐந்து, கொழும்புக்காரர் கூடிக் கதைக்கும் இடத்திலிருந்து
ஒரே தட்டில் தூரக் கடலுக்கு.
எஃப் எட்டு மட்டும் தட்டுவதற்கில்லை,
பிடிப்பதற்கு.
விரல் கீழே இருக்கும்வரை நான் பேசுவேன்,
விரல் எழும்பினால் உலகம் பேசும்.
எல்லாம் பதினாறு வரி. நானே எழுதினது,
வங்கியில் ஊரார் கணக்கைக் கூட்டி முடித்த இரவுகளில்.

ஞாயிறு பின்னேரம், கொக்குவில்.
மழை விட்டு வேம்பு சொட்டிக்கொண்டிருந்தது.
நாற்பது மீற்றரில் ஒரு பொது அழைப்பு விட்டேன்.
விரலை எடுத்தேன்.

ஒன்றுமில்லை.
இரைச்சல்கூட இல்லை.
அங்கேயே யோசித்திருக்க வேணும்.
சூரியனைக் குறை சொன்னேன்,
கம்பியில் ஓடும் அணிலைக் குறை சொன்னேன்,
ஹெட்போனைக் கழற்றவில்லை.

விசை கீழே போன செய்தி பின்னறைக்குப் போய்ச் சேர்ந்தது.
மேலே வந்த செய்தி வழியில் தொலைந்தது.
அந்த நொடி பார்த்துத் திரையின் மூலையில்
ஒரு பெட்டி எழும்பி
வைரஸ் காவலுக்குச் சந்தா முடிஞ்சுதாம் என்று சொல்லி
அதை விழுங்கிவிட்டது.

பின்னறையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.
அரிசிச் சாக்கு பார்த்துக்கொண்டிருந்தது.
ஆறு நிமிடம்.

சலித்துப்போய் எஃப் எட்டை மறுபடி தட்டினேன்.
காது திறந்தது.

"அண்ணே வணக்கம், நாகர்கோவில்லேருந்து ஜெபசிங்.
உங்க ஆடியோ ரொம்ப சுத்தம், அம்பத்தொம்பது.
குக்கர் மூணு விசில் வந்துச்சு.
யாரோ மோட்டரை நிறுத்தினாங்க.
அப்புறம்…"
கொஞ்சம் இரைச்சல். அவர் தொண்டையைச் செருமினார்.
"அப்புறம், அக்கா உங்ககிட்ட ரெண்டு தடவை கேட்டாங்க,
நாளைக்குக் கிளினிக்குக்கு நீங்களும் வர்றீங்களான்னு.
நீங்க பதிலே சொல்லலையே அண்ணே. ஓவர்."

சுமாத்திராவில் ஒருவன் ஐந்து வாற்றில் முனகினாலும்
பிடித்துக் கொப்பியில் எழுதுகிற காது இது.
எழுபத்துமூன்று என்றேன்,
அது எங்கள் ஆட்களின் 'போயிற்று வாறன்'.
நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

குசினியில் யோகராணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.
பிரிட்ஜுக்கு மேலே கிளினிக் கொப்பி,
அதற்குள் மடித்த ஒரு துண்டுக் கடிதம்.
எவ்வளவு நாளாய் அங்கே இருக்கிறதோ.

"வாறன்," என்றேன்.
"எங்க?"
"நாளைக்கு, கிளினிக்குக்கு. நீ கேட்டனியெல்லோ."
"அது உங்களுக்குக் கேட்டதே?"
"நாகர்கோயிலில கேட்டதாம்."
கீரைக்கட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.
"எந்த நாகர்கோயில்? வடமராட்சி கிழக்கோ?"
"இல்லை. கடலுக்கு அங்கால."

சிவப்பு விளக்கையும் தொலைந்த விரலையும் விளங்கப்படுத்தினேன்.
பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள்.
"அப்ப உங்கட தங்கச்சியைப் பற்றி நான் சொன்னதும்?"
"அதை அவர் சொல்லேல்லை."
"நல்ல மனுசன்," என்றாள்.

இரவு பதினேழாவது வரி எழுதினேன்:
அறுபது செக்கன் கழிந்தால்
விரல் என்ன சொன்னாலும் வாயை மூடு.
மூன்று தரம் சோதித்தேன். மூன்றாம் தரம்
பின்னறைக்கே நடந்துபோய்
விளக்கு அணைவதைக் கண்ணால் பார்த்தேன்.

ஏழு மணிக்கு முன்னம் நம்பர் எடுக்கவேணும் என்று
அவள் அலாரம் வைத்தாள்.
ஐந்தரைக்கு.
என்ரை போனிலும்.