மூச்சு வெட்டியவன்

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடி. சுவரெல்லாம் முட்டை அட்டை.
ரயில் போனால் பதிவு நிற்கும்.
கீழே ரசம் தாளித்தால்
எல்லாரும் தும்மி முடிக்கும்வரை நிற்கும்.

எண்பத்தேழில் அங்கே வந்தார் மேபல் சாந்தப்பன்,
சுங்கை பீசி டோல் சாவடிச் சீருடையோடு.
கைப்பையில் முந்நூற்றைம்பது வெள்ளி,
பாதி சில்லறை.
"குரல் கர்த்தர் குடுத்தது தம்பி,
காசு கூட்டு எடுத்தது."

நான் முனியாண்டி கோயில் பூசாரி மகன்.
அந்தச் சாமியையும் விட்டவன்,
இந்தச் சாமியிடமும் வராதவன்.
எனக்குத் தெரிந்த பக்தியெல்லாம்
மீட்டரின் ஊசி சிவப்பைத் தொடாமல் காப்பது.

ஆர்கனில் ஆ கியோங். தமிழ் தெரியாது.
"ஆண்டவரே" என்று வந்தால்
பாட்டு முடிகிறது என்பது அவன் கணக்கு.
பலமுறை முடித்திருக்கிறான்,
நடுச் சரணத்தில்.

அக்கா மூச்சு வாங்கினால் கேட்கும்.
லிஃப்ட் கெட்டுப்போன ஃபிளாட்டில்
அரிசி மூட்டை தூக்கி ஏறுகிறவர் மூச்சு.
தினம் எட்டு மணி நேரம் லாரிப் புகை, வேறென்ன.
குரலுக்குத் தனி ரீல்.
பிளேடால் மூச்சை வெட்டி எடுத்து
அதே நீளத்துக்கு வெற்று நாடா ஒட்டினேன்.
விடிந்தபோது தரையெல்லாம் பழுப்புத் துண்டுகள்.
செருப்பு நுனியால் தள்ளிப் பார்த்தார்.
"இதெல்லாம் என்னுதா?"
"குப்பைக்கா."
"குப்பைன்னா எதுக்கு இவ்ளோ?"

முந்நூறு கேசட்.
அட்டையில் இரண்டு புறா,
அச்சகத்தில் ஒன்றுக்குத் தலை போய்விட்டது.
பாகான் டத்தோ, சித்தியவான், ஈப்போ.
கூட்டம் முடிந்ததும் உறையில் அன்பின் காணிக்கை,
பஸ் டிக்கெட்டுக்கு இரண்டு வெள்ளி குறையும்.
செந்தூலில் யார் செத்தாலும் பாடப் போவார்,
காசு வாங்க மாட்டார், மைலோ மட்டும்.
ஒரே ஒருமுறை சென்னை. மூவாயிரம் பேர்.
மேடையேறியதும் "பசியாறிட்டீங்களா?" என்றாராம்,
ராத்திரி எட்டு மணிக்கு.
கூட்டம் சிரித்ததாம்.
சொல்லும்போது அவரும் சிரித்தார்.
அன்று பாடியதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

சாந்தப்பன் ஜொகூருக்குப் போனது
தொண்ணூற்று நாலில். வேறு வீட்டுக்கு.
எந்தப் பாட்டிலும் அந்த ஆள் வரவில்லை.
"கைவிடாதவரே" என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும்
மூச்சு இரண்டு மடங்கு நீளம்.
அதையும் வெட்டினேன்.

பிறகு கம்ப்யூட்டர். பிளேடு வேண்டாம்,
ஒரு பட்டன் போதும்,
ஆல்பம் முழுக்க மூச்சில்லாமல் ஆகிவிடும்.
பிறகு தைராய்டு ஆபரேஷன்.
மேல் ஸ்தாயி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது.
பிறகு டோலில் கார்டு தட்டும் காலம்,
சாவடியில் ஆள் வேண்டாம் என்றார்கள்.
"என்னையும் வெட்டி ஒட்டிட்டாங்க தம்பி,"
என்று போனில் சிரித்து
இருமினார், ரொம்ப நேரம்.

போன புதன், செராஸ் கல்லறை.
பாஸ்டர் ஸ்பீக்கரில் முதல் கேசட்டைப் போட்டார்.
"தேவதூதர் குரல்," என்றாள் பின்னால் ஒரு பெண்.
இருக்கலாம்.
தூதர்களுக்கு நுரையீரல் உண்டா,
யார் பார்த்தது.

எனக்கு இடம் தெரியும்.
ஒவ்வொரு வரி முடிவிலும்
அவர் வாங்கிய இடத்தில் நான் வாங்கினேன்,
வாய் திறந்து, சத்தமாக,
இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும்படி.
நாலாவது வரியில் அவருடையது நீளம்.
எனக்குப் பத்தவில்லை.

"ஆண்டவரே" வந்தது.
ஆ கியோங் நாற்காலியைத் தள்ளி எழுந்துவிட்டான்,
எழுபது வயதில்,
தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

இன்னும் ஒரு சரணம் இருந்தது.