நூற்றில் இருபத்தாறு

திருகாணியால் தரையோடு பிணைத்த மேசை.
நாற்காலி மட்டும் கொஞ்சம் நகரும்.
டெர்வின் லாக்கியர் உட்கார்ந்ததும் கேட்டார்:
"என் மதிப்பெண் இறங்கியதா, டாக்டர்?"

இறங்காது.
முதல் குற்றத்தின்போது வயது பத்தொன்பது:
அந்தக் கட்டத்துக்கு இரண்டு புள்ளிகள்.
இப்போது அவருக்கு ஐம்பத்தேழு.
முழங்கால் தேய்ந்துவிட்டது, கடைவாய்ப் பற்கள் போய்விட்டன,
பத்தொன்பதுக்கு மட்டும் வயதாகவில்லை.

தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை
சுவரோரம் அமர்ந்து
தன் கணுக்காலுக்கு மின்சாரம் ஏற்றுகிறார்.
அந்த நேரத்தில் என்ன செய்வீர்கள் என்றேன்.
"வானொலியில் கடல் வானிலை.
துறைமுகத்துக்குப் போக எனக்கு அனுமதியில்லை.
அலை எத்தனை மீட்டர் என்று தெரிந்தால் போதும்."
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
பேனாவை மூடினேன், திறந்தேன்.

டனீடின் உயர் நீதிமன்றத்தில் ஹீட்டர் இரைந்துகொண்டிருந்தது.
எனக்கு முன் கூண்டேறிய டாக்டர் ஓஸ்வின் க்ரீ
மிதமான அபாயம் என்றார்.
நான், உயர்ந்த அபாயம்.
இருவரும் படித்தது ஒரே கோப்பு,
பக்கம் நாற்பதில் யாரோ சிந்திய அதே காபிக்கறை.

"இவரைப் போன்ற நூறு பேரில்?" என்றார் வழக்கறிஞர்.
"இருபத்தாறு பேர் மறுபடி செய்வார்கள்."
"இவர் அந்த இருபத்தாறில் ஒருவரா,
மிச்சம் எழுபத்து நான்கில் ஒருவரா?"
"தெரியாது."
தட்டச்சுப் பெண் அதையும் அடித்தாள்.
மற்ற எந்தப் பதிலையும்விடச் சீக்கிரம் முடிந்தது.

மூன்றாம் வரிசையில், கோட்டைக் கழற்றாமல், ஒருவர்.
பெயரை வெளியிட நீதிமன்றம் தடை விதித்திருக்கிறது;
இங்கும் எழுதமாட்டேன்.
அது நடந்த நாளில் பள்ளிச் சீருடையில் இருந்தவர்.
பேருந்தில் கதவருகே இடமில்லையென்றால்
அடுத்த பேருந்துக்குக் காத்திருப்பதாகக்
கடிதத்தில் எழுதியிருந்தார்.
அவரிடமும் ஒரு வரைபடம் உண்டு,
போகக்கூடாத தெருக்கள் சிவப்பில்.
அதை நீட்டிக்கவோ நீக்கவோ
இதுவரை யாரும் மனு போடவில்லை.

இன்னும் ஐந்து வருடம் என்றார் நீதிபதி ஹார்ட்நெல்.
டெர்வின் தலையசைத்தார்,
கடைக்காரர் விலை சொன்னதைப் போல.

மாலை, ஏனென்று தெரியவில்லை,
அவருக்கு அனுமதித்த பாதையில் நடந்தேன்.
வீட்டிலிருந்து மளிகைக் கடைக்கு நேர்வழி ஒன்பது நிமிடம்.
நடுவே குழந்தைகள் காப்பகம் திறந்ததால்
மேட்டுத்தெரு வழியாகச் சுற்றிவிட்டிருக்கிறார்கள்.
முப்பத்தொரு நிமிடம். செங்குத்து.
பாதியில் மூச்சு வாங்க நின்றேன்.
அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரிந்தது,
மழைக்கு முந்திய சாம்பல் நீர், ஒரு சரக்குக் கப்பல்.
கீழே, இடப்பக்கம்,
காப்பகத்தின் நீலக் கூரையும்.

இந்தப் பாதையை மாற்றச் சொல்லி
அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.
அறிக்கையில் அதை
"முழு ஒத்துழைப்பு" என்று எழுதியிருக்கிறேன்.