நாலு பத்து

விதியை எழுதியது நான்தான், ஒரே வரியில்:
படகுகள் அட்டவணையை யாராவது திருத்தினால்
மணி அடி.

வார்டோவில் நவம்பர் கடைசி.
சூரியன் விடுப்பில் போய் ஒரு வாரம்.
துறைமுக அலுவலகத்தில் ஒரு ஹீட்டர், நான்,
அறுபத்தொரு படகுக்கு அறுபத்தொரு வரிசை.
புறப்பட்டது, கடலில், திரும்பியது:
மூன்று சொல்லுக்குள் அடங்கிவிடும் ஒரு படகின் பிழைப்பு.
நாலாவதாக ஒரு சொல் உண்டு,
அதை யாரும் விளையாட்டுக்குத் தட்டுவதில்லை.

அந்த மணிக்கு வாய் உண்டு, கண் கிடையாது.
எந்தப் படகு, என்ன ஆயிற்று, சொல்லத் தெரியாது.
ஏதோ நடந்தது, போய்ப் பார். அவ்வளவே.
ஒரே பரிவர்த்தனைக்குள் பத்துத் திருத்தம் செய்தாலும்
ஒருமுறைதான் அடிக்கும்.
பாதியில் மனம் மாறிப் பின்வாங்கினால்
அடிக்கவே அடிக்காது.
இதெல்லாம் எனக்குத் தெரியும். பிடித்தும் இருந்தது.

தெரியாத ஒன்று
விடிகாலை நாலு பத்துக்கு வந்தது.

மணி அடித்தது. பார்த்தேன்.
அறுபத்தொன்றும் வைத்தது வைத்தபடி.
மறுநாள் நாலு பத்து, அதேதான்.
மூன்றாம் நாள் ஹல்வாரிடம் சொன்னேன்.
பனிக்காலணியைக் கழற்றிக்கொண்டே கேட்டான்:
‘பேய்க்கு யார் பாஸ்வேர்டு கொடுத்தது?’

பதிவேட்டைத் திறந்தேன்.
கிடந்தது, ஒளிவு மறைவில்லாமல்:
ஸ்கார்வ் என்ற படகைத் ‘திரும்பியது’ என மாற்று.
மாறிய வரிசைகள்: பூஜ்யம்.

ஸ்கார்வ் எங்கள் அட்டவணையில் இல்லை.
ஏப்ரலில் நானே நீக்கியது.
மூழ்கவில்லை, பயப்படாதீர்கள்.
மீன்பிடி உரிமத்தை விற்றுவிட்டு
உடலை உடைசலுக்குப் போட்டார்கள்.
இரும்புக்கும் மரத்துக்கும் தனித்தனி ரசீது.

அப்போதுதான் பிடிபட்டது என் விதியின் குணம்.
அது வரிசைகளைப் பார்ப்பதே இல்லை,
கட்டளையைத்தான் பார்க்கிறது.
கதவு தட்டும் சத்தம் போதும் அதற்கு;
கதவுக்குப் பின்னால் வீடு இருக்கிறதா என்பது
அதன் கவலை அல்ல.

தட்டியவள் ரக்ன்ஹில்ட்,
ஐஸ் ஆலையில் இரவுப் பொறுப்பாளர்.
ஸ்கார்வில் பாதி அவளுடையதாக இருந்தது,
மீதிப் பாதி வங்கியுடையது.
கேட்டேன். மறைக்கவில்லை.
‘அது நாலு பத்துக்கு வரும். கை தானாகப் போய்விடுகிறது.’
கொஞ்சம் கழித்து:
‘அதனால் எங்காவது ஏதாவது ஆகிறதா?’
‘என் அறையில் மணி அடிக்கிறது.’
‘ஓ’ என்றாள்,
கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

இருபது நிமிட வேலை, அன்றே திருத்தியிருக்கலாம்.
திருத்தவில்லை.
மணி அடிக்கும். ரக்ன்ஹில்ட், என்பேன்.
காபி ஊற்றிக்கொள்வேன்.

டிசம்பர் ஒன்பது. நாலு பத்து. மணி.
ரக்ன்ஹில்ட், என்றேன்.
காபி ஊற்றினேன். பால் தீர்ந்திருந்தது,
அடுத்த அறைக்குப் போய் எடுத்து வந்தேன்.
நாலு இருபத்திரண்டுக்குத்தான் திரையைப் பார்த்தேன்.
லோம்வி என்ற வரிசையில்
அந்த நாலாவது சொல்.

ரக்ன்ஹில்ட்டுக்கு அன்று காய்ச்சல். வேலைக்கே வரவில்லை.

லோம்வியின் என்ஜின் நின்றுபோய்
ஹோர்னோயா பாறைப் பக்கம் அலை தள்ளிக்கொண்டிருந்தது.
இழுத்து வந்துவிட்டார்கள். நாலு பேரும் பிழைத்தார்கள்.
ஒட்வார் என்ற பையனுக்கு இரண்டு விரல் போயிற்று, குளிரில்.
பன்னிரண்டு நிமிடத்தில் விரல் போகுமா என்று
மருத்துவரிடம் நான் கேட்கவில்லை.
இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் விதியை அழித்தேன்.
அந்த இடத்தில் ஒரு ட்ரிக்கர்:
நிஜமாகவே மாறிய ஒவ்வொரு வரிசைக்கும்,
படகின் பெயரோடு, நிலையோடு.
மணிக்குக் கண் வந்துவிட்டது.
சோதித்தேன், ஹல்வாரும் சோதித்தான்,
இல்லாத படகுக்கு இனி அது அடிக்காது.

நாலு பத்து இப்போது ஓசையின்றிக் கடக்கிறது.
அவளிடம் சொல்லவில்லை.
வேலை முடிந்து கிளம்புமுன்
பதிவேட்டை மட்டும் ஒருமுறை திறக்கிறேன்.
ஸ்கார்வ். திரும்பியது.
மாறிய வரிசைகள்: பூஜ்யம்.