தீ என்றால் தண்ணீர்

கோக்கரேக் கடைவீதியில் பைப்பு விற்கிறவன் நான்.
கரேன் மொழியில் எனக்குத் தெரிந்தது
விலையும் அளவும்,
அப்புறம் ஒரு சொல்: தீ.
அவர்களுக்கு அது தண்ணீர்.

மழைக்கு முன்னால், கடை சாத்துகிற நேரம்.
போனில் நோ முபோ சொன்னாள்:
"தீ கெட்டுவிட்டது. பிள்ளைகளுக்கு வயிறு நிற்கவில்லை.
போன வாரம் ஒன்றைப் புதைத்தோம்."
அவளுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது.
நான் விலைப்பட்டியலைத் தேடினேன்.

மூவாயிரத்து இருநூறு மீட்டர், ஒன்றரை அங்குலம், கறுப்பு.
சுருள் சுருளாக டிராக்டரில் ஏற்றி
இரண்டு சாவடி கடந்தோம்.
இரண்டிலும் வேறு வேறு கொடி,
ஒரே கேள்வி:
இவ்வளவு பைப்பு எதற்கு?
தண்ணிக்கு என்றேன்.
சிரித்தார்கள். ஒரு சுருள் குறைந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் என் சரக்கே என்னைப் பார்த்தது.
ஏழு கக்கூஸ், நீலக் கதவு,
கதவுக்குக் கதவு கொடையாளியின் முத்திரை.
நாலு வருஷத்துக்கு முன்
பீங்கான் ஏழும் நான்தான் கொடுத்தேன், நல்ல லாபம்.
ஒன்றில் விதைநெல். ஒன்றில் அடைக்கோழி.
ஒன்றில் மீன்வலை, நனையாமல்.
"ஒரு வாளி தீ கொண்டுவர ஒரு மணி நேரம்.
அதை இதிலா ஊற்றுவது?"
நோ முபோ கோபப்படவில்லை, கணக்குச் சொன்னாள்.
எனக்கும் கணக்குத்தான் தொழில்.
அன்றைக்கு அதை யாரிடமும் நான் கேட்கவில்லை.

ஊற்று மலைமேல், பாறைக்கடியில்.
அங்கிருந்து ஊருக்கு
வரைபடத்தில் நேர்கோடு போட்டு வைத்திருந்தேன்.
சோ ஏடோ விரலால் அதை வளைத்தார்:
இந்த மரங்கள் வழியாகப் போகாது.
ஒவ்வொரு மரத்திலும் ஒரு மூங்கில் குழல்,
குழலுக்குள் ஒரு பிள்ளையின் தொப்புள்கொடி.
மரத்தில் வெட்டு விழுந்தால் பிள்ளைக்கு வலிக்கும்.
போன வாரத்துப் பிள்ளையின் மரத்தை
அவர் காட்டவில்லை.
நானும் கேட்கவில்லை.

சுற்றிப் போனால் நாற்பது மீட்டர் கூடுதல்.
பட்ஜெட்டில் இல்லை என்றான்
யாங்கோனிலிருந்து உதவிப் பணத்தோடு வந்த தம்பி.
ஊர் பேசியது. மூன்று இரவு பேசியது.
ஊற்றுக்கு மேலே கிடக்கும் பன்றிகள் யாருடையவை,
யார் தோண்டுவது, சாவி யாரிடம்,
ஊற்றுக்கு உடையவரிடம் அனுமதி கேட்பது யார்.
கடைசிக் கேள்விக்கு ஒரு கோழியும்
ஒரு போத்தல் அரிசிச் சாராயமும் செலவு.
மற்றவற்றுக்குச் செலவானது தூக்கம்.

பரிசோதனைக் குப்பிகள் இரண்டு.
சூடு குறையக்கூடாது என்பதால்
ராத்திரி முழுக்க நோ முபோ அவற்றை
இடுப்பில் கட்டிக்கொண்டு படுத்தாள்.
விடிந்தபோது ஓடைத் தண்ணீர் மையாகக் கறுத்திருந்தது.
ஊற்றுத் தண்ணீர் கறுக்கவில்லை.
அவள் கறுத்த குப்பியைத்தான்
நெடுநேரம் கையில் வைத்திருந்தாள்.

பதினோராம் நாள் குழாயைத் திறந்தோம்.
முதலில் காற்று, ஓர் இருமல்.
பிறகு செம்மண், ஒரு செத்த நண்டு,
பிறகு
தீ.
யாரும் கை தட்டவில்லை.
ஒரு சிறுமி பாதம் நனைய நின்றாள்.
நோ முபோ வந்து குழாயை மூடினாள்:
"போதும். கீழ்வீடுகளுக்கும் வேண்டும்."

விதைநெல் வெளியேறிவிட்டது, வலையும்.
அடைக்கோழிக்கு மட்டும்
குஞ்சு பொரிக்கும்வரை தவணை.
பன்றிக்காரர் இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை,
பேச்சும் நிற்கவில்லை.

மோல்மேனிலிருந்து வருஷக் கணக்கு முடிக்க வந்த மைத்துனன்
பேரேட்டில் விரல் வைத்துக் கேட்டான்:
நாற்பது மீட்டர், யார் பேரிலும் ஏறவில்லையே,
என்னவென்று எழுதட்டும்?
தீ என்று எழுது என்றேன்.
எங்கே பிடித்தது என்று பதறி எழுந்தான்.