கண்ணாடி இல்லாதது

பூன்லே எம்ஆர்டி. கட்டண வாசலுக்கு
அந்தப் பக்கம் டெரன்ஸ், இந்தப் பக்கம் நான்.
வெளியே வந்தால் அவனுக்குக் காசு போகுமாம்.
தடுப்புக்கு மேலே பெட்டி வந்தது,
தடுப்புக்கு மேலே எழுநூறு வெள்ளி போனது.
கம்பெனி விருந்தில் குலுக்கலில் விழுந்ததாம்,
சீல்கூட உடைக்கவில்லை.
"அக்கா, இது மிரர்லெஸ்" என்றான்,
குறையை முன்கூட்டியே சொல்லிவிடுகிறவன்போல.

நான் பஸ் ஓட்டுகிறேன்.
நாளுக்கு எட்டரை மணி நேரம்
ஏழு கண்ணாடிகளுக்கு நடுவே உத்தியோகம்.
இடப்பக்கம் சைக்கிள், வலப்பக்கம் லாரி,
தலைக்கு மேலே உருண்டையான ஒன்றில்
மாடிப்படியில் தடுமாறும் பள்ளிப் பை.
கண்ணாடியே இல்லாமல் ஒன்று பார்க்குமென்றால்
அதை எப்படி நம்புவது?

திறந்ததும் என்ன மொழி என்று கேட்டது.
போலிஷ் இருக்கிறது, உக்ரைன் இருக்கிறது,
தாய்லாந்து எழுத்து சுருள் சுருளாய்.
ரயில் நிலையப் பலகையிலெல்லாம் இருக்கிற தமிழ்
இதற்குள் இல்லை.
சரி, ஆங்கிலத்திலேயே சண்டை போடுவோம்.

கூடவே வந்த லென்ஸ், பதினைந்து - நாற்பத்தைந்து,
ஆமைபோல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு
கறுப்புத் திரை காட்டியது.
பழுதென்று டெரன்ஸுக்கு நீளமாய்த் திட்டு எழுதி
அனுப்பும் முன் கையேடு, பதினேழாம் பக்கம்:
பொத்தானை அழுத்தியபடி திருகவும்.
கழுத்து வந்தது.
திட்டை ஒவ்வோர் எழுத்தாய் அழித்தேன்.

ஏர்கான் அறையிலிருந்து அப்படியே
பன்னிரண்டாம் மாடி நடைவழிக்குக் கொண்டுபோனேன்.
லென்ஸ் முழுக்க ஆவி.
எதிர் புளோக் பாலில் போட்ட ரொட்டியாய் ஊறிக் கரைந்தது.
பக்கத்து வீட்டு பிளாச்சான் நெடியில் தும்மிக்கொண்டு
பத்து நிமிடம் காத்திருந்தோம், நானும் அதுவும்.
பிறகு முகம் தேடும் கட்டம் துள்ளி எழுந்து
எதிரே வந்த அங்கிள் கோவை விட்டுவிட்டு
கழியில் காயும் பனியனில்
அச்சடித்த புலியைப் பிடித்துக்கொண்டது.

ஐஎஸ்ஓவை ஏற்றினால்
இருட்டின்மேல் ரவை தூவியதுபோல்.
எஃப் எண் பெருத்தால் துளை சிறுக்கும்,
யார் யோசித்த கணக்கோ!
ஜூம் செய்து நெருங்க நெருங்க
மூன்றரை ஐந்தாகி, ஆறாகி, இருட்டிக்கொண்டு வருகிறது.
அதற்குக் கிட்டத்தில் பார்க்கப் பிடிக்காது போலும்.
பேசாமல் நாலடி நடந்துபோய் நின்றேன்.

ஓய்வு நாள், ஏழரை மணி அந்தி.
என் தடத்து நிறுத்தமொன்றைத் தாண்டி
இருபதடி தள்ளி நின்றேன்,
பயணியென்று நினைத்து யாரும் பிரேக் போடாதபடி.
868. யாரோ புதுப் பையன் ஓட்டுகிறான்.
ஐந்நூறில் ஒரு நொடி. தட்டினேன்.
பஸ் கத்தரித்து ஒட்டியதுபோல் நிற்கிறது,
நெற்றியில்தான் எண் இல்லை:
எட்டில் பாதி, ஆறில் ஒரு கொக்கி.
விளக்கு விட்டுவிட்டுத்தான் எரிகிறதாம்,
நம் கண்தான் ஒட்டவைத்துப் படிக்கிறதாம்.
பதினோரு வருடம்
இந்த உடைசலைத் தலையில் வைத்துக்கொண்டா
ஊரைச் சுற்றினேன்?

அடுத்த பஸ் பதினான்கு நிமிடம்.
டயலை இறக்கினேன்: இருநூறு, நூறு, முப்பது.
முழங்கையை விலாவோடு ஒட்டி,
மூச்சை நிறுத்தி.
இந்த முறை ரோஸ்லினா.
868 முழுசாய் விழுந்தது, புள்ளி சிந்தாமல்.
ஆனால் மேம்பாலப் படியிறங்கி
கை வீசி ஓடிவந்தவர்
சாம்பல் நிறத்தில் ஓர் இழுப்பு.
தலை எது, குடை எது, தெரியவில்லை.

அழிக்கவா என்று கேட்கிறது குப்பைத்தொட்டிப் படம்.
வேண்டாம்.
அடுத்த படத்தில் பஸ் அங்கேயேதான்,
முன்கதவு திறந்தபடி.
நிறுத்தத்தில் ஒருவரும் இல்லை.
அவள் இடக் கண்ணாடியில் விழுந்திருப்பார்.