வாட்டம்

"வாட்டம் சரியில்லைங்க" என்றார் வில்வநாதன்,
சிங்க்குக்கு அடியிலிருந்து.
புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.
அவர் பைப்பைச் சொன்னார்.

ரசமட்டத்தில் குமிழி
சுவர்ப்பக்கம் ஒதுங்கி நின்றது.
போகவேண்டிய இடம்தான் மேடு.
நாலு வருஷத்துப் பருப்பும்
சங்கராச் செதிலும்
பாதி வழியில் குந்திக் கிடந்தன.

அதுதான் விடிகாலை மூன்று மணிக்குக்
களக் களக்கென்று செருமியிருக்கிறது.
நான் இவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்,
பீடியை விடச்சொல்லி.
இவரைக் கெடிலக்கரைக்குக் கொண்டுபோன பிறகும்
அடுக்களையில் செருமல் கேட்டது.
எனக்கு அது தேவையாகவும் இருந்தது.
பதினாறாம் நாள் முடிந்துதான்
ஆளுக்குப் போன் போட்டேன்.

"மஞ்சக்குப்பத்துக்கே வாட்டம் கிடையாதும்மா.
கடல் ஏறினா கெடிலமே திரும்பி வருது.
உங்க பைப்பு என்ன பண்ணும்?
அடிக்குக் கால் இன்ச் குடுத்தாப் போதும்."
கிளாம்ப்பை இறக்கினார்.
சுவரில் கீழே தள்ளி வேறு ஓட்டை போட்டார்.
சொலுஷன் காயும்வரை தண்ணி விடாதீங்க.
அறுநூற்றைம்பது.

சாயங்காலம் ஒரு குடம் சாய்த்துப் பார்த்தேன்.
சத்தமே இல்லை,
போய்விட்டது.

இன்று மூன்று மணிக்கு
விழிப்பு மட்டும் வந்தது.